தை பிறந்தால் மட்டும்தானா?



சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் அண்ணா சாலையிலுள்ள ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கியபோது இருபத்துச் சொச்சம் அரங்குகள்தாம் இருந்தன. பிறகு காயிதே மில்லத் கல்லூரியில் பல ஆண்டுகள் நடந்தது. இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அரங்குகளின் எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. பொங்கல் விடுமுறையில் போனால் நாம் நடக்க வேண்டியதே இல்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும்.

“அந்தக் காலத்தில் பதிப்பாளரே கல்லாவில் இருப்பார், நம் ரசனை தெரிந்து எடுத்துக் கொடுப்பார். இப்போது மிளகாய் பஜ்ஜிக்கும் டெல்லி அப்பளத்துக்கும்தான் வரிசை” என்று பழைய வாசகர்கள் சலித்துக்கொள்வதுண்டு. சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பஜ்ஜிக்கு வந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை படக்கதைப் புத்தகத்துக்கு அடம்பிடித்து ஜெயித்துவிடுகிறதே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புத்தகக் கடையே இல்லாத ஊர்கள் நம்மிடம் ஏராளம். அங்கிருந்தெல்லாம் ஆட்கள் வருவது கூட்டம் என்ற பெயர் பரவியதால்தான்.

கூட்டம் அலமாரியையும் மாற்றியிருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் திரும்பிய பக்கமெல்லாம் ‘பொன்னியின் செல்வன்’ அடுக்கடுக்காக இருக்கிறது. வாடகை கொடுத்து அரங்கு எடுத்தவர் விற்கிற புத்தகத்தைத்தானே முன்னால் வைப்பார்? புதுக் கவிஞரின் மெல்லிய தொகுப்பு பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

இவற்றையெல்லாம்விட எங்களை யோசிக்கவைப்பது வேறொன்று. காட்சி பெரிதாகப் பெரிதாக, தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டே தை மாதத்தில் வந்து குவிந்துவிட்டது. நாவலாசிரியர் ஜனவரிக்குள் முடிக்க விரைகிறார். மார்கழியில் அச்சகங்களுக்குத் தூக்கமில்லை. இன்னொரு முறை மெய்ப்புப் பார்த்திருந்தால் தப்பியிருக்கும் பிழைகளோடு புத்தகம் அரங்குக்கு வருகிறது. ஒரே வாரத்தில் பத்து வெளியீட்டு விழாக்கள். மாசி பிறந்ததும் அந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச ஆளில்லை. திருவிழாவால் வாசகர் பெருகினார்கள், சரி. அவர்களுக்கான புத்தகத்துக்கோ ஆற அமர வளர நேரமில்லை.

கூட்டத்தைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. அதில் நாமும்தானே இருக்கிறோம்! ஒரு வேண்டுகோள் மட்டும். பத்து சதவீதத் தள்ளுபடிக்காக வாங்குகிற புத்தகங்களில் ஒன்றிரண்டைக் குறைத்து, அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். ஆடியிலோ புரட்டாசியிலோ உங்கள் ஊர்க் கடையில், அல்லது பதிப்பகத்துக்கே எழுதிக் கேட்டு, ஒரு புத்தகம் வாங்குங்கள். படித்ததும் எங்களுக்கு நாலு வரி எழுதுங்கள். மழைக்காலத்திலும் புத்தகம் விற்கும் என்று தெரிந்தால், பதிப்பாளர்கள் தைக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்