தேரி மணலில் ஒரு கூடாரம் வேண்டும்

சுற்றுலா என்ற அறிவிப்பு வந்ததும் நம் பள்ளியில் எழும் ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. ஆனால் எங்கே போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. மாமல்லபுரம், இல்லாவிட்டால் வண்டலூர், அதுவும் இல்லாவிட்டால் ஏதேனும் ஒரு கேளிக்கைப் பூங்கா. காலையில் பேருந்து ஏறி, பகலில் புளியோதரைப் பொட்டலம் பிரித்து, விளக்கு வைக்குமுன் வீடு வந்து சேர்வோம். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால் புளியோதரையைத் தவிர எழுத ஒன்றும் அகப்படாது.

ஆகையால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இம்மலரின் வாயிலாக ஒரு கருத்தை முன்வைக்கிறோம். நம் பள்ளி ஒரு முறையாவது மாணவியரைத் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுக்கு அழைத்துச் செல்லவேண்டும். அதுவும் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, நாங்கள் கால்நடையாகப் பின்தொடர்ந்து, கூடாரம் அடித்து, இரண்டு இரவு தங்கித் திரும்பவேண்டும்.

"தேரியா? அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டவர்களே மிகுதி. எங்கள் வகுப்பில் தந்தையின் வேலையை முன்னிட்டுத் தென்மாவட்டங்களிலிருந்து ஒரகடத்துக்குக் குடிவந்தவர்கள் உண்டு. உடன்குடிப் பக்கத்துத் தோழி ஒருத்தி சொல்லித்தான் நாங்களும் அறிந்தோம். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் ஆகிய ஊர்களின் அருகே பல ஆயிரம் ஏக்கர் பரப்பில், செக்கச் செவேலென்று மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணற்காடு அது. குதிரைமொழித் தேரி அவற்றுள் பெரியது. மணல் துகள்களின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இறங்கி வந்து, ஆனியிலும் ஆடியிலும் இந்த மணலை வாரி வாரி இறைக்கிறது. அது ஊருக்குள் புகாமல் இருக்கப் பனையும் முந்திரியும் வளர்த்திருக்கிறார்கள். நாம் தமிழ்ப் பாடத்தில் படிக்கும் கால்டுவெல் நெடுங்காலம் வாழ்ந்த இடையன்குடியும் இத்தகைய செம்மணல் சூழ்ந்த ஊரே.

புவியியல் ஆசிரியை உடனே குறுக்கிடுவார்கள். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலமே பாலைவனம். தூத்துக்குடி மாவட்டத்தில் 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறதே என்பார்கள். மெய்தான். ஆனால் நம் முன்னோர் பாலைக்கு வேறு கணக்கு வைத்திருந்தார்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சொல்லிவிட்டார். மழைமானியால் அளக்காமல் நடப்பவர் பாதத்தால் அளந்தார்கள் போலும்! அந்தக் கணக்கில் பார்த்தால் சித்திரை மாதத்தில் ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களும் பாலையைக் கண்டவர்களே.

வெறும் மணலில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தேரி மணல் மழையை மேலே தங்கவிடுவதில்லை. விழுந்த நீர் அவ்வளவும் உள்ளே இறங்கிவிடுகிறது. மேலே சுடுகிறது, அடியில் நீர் சேர்கிறது. ஆகவேதான் அந்த மணற்காட்டின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் என்று சுனையின் பெயராலேயே ஒரு தெய்வம் குடிகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் நிறையும் ஏரிகளை அங்கே தருவை என்கிறார்கள். வைரவன் தருவை, புத்தன் தருவை என்று இரண்டு உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலும் செம்பரம்பாக்கத்திலும் ஏரியைப் பார்த்து வளர்ந்த நாம் தருவையையும் ஒரு முறை பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம் நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். அதே மனிதர் பின்னாளில் சாயர்புரத்துத் தேரியிலும் சின்னஞ்சிறு கற்கருவிகளைக் கண்டார். 1956-இல் சாய்னரும் ஆல்சினும் அத்தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். விரல் நகம் அளவே இருக்குமாம் அவற்றுள் சில. சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோன மனிதர்கள் உட்கார்ந்த மணலில் நாமும் உட்காரலாம் (எதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல்!). தென் தமிழகத்தில் கழுத்தை விசிறிபோல் விரிக்கும் ஓணான் இனம் ஒன்றுக்கு 2016-இல் அறிவியலார் மருதம், நெய்தல் என்ற நம் திணைப் பெயர்களையே சேர்த்துச் சூட்டியிருக்கிறார்கள். லத்தீனில் பெயர் வைப்பவர்களே தமிழைத் தேடி வந்திருக்கும்போது நாம் பூங்காவில் சறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

நம் வட்டாரத்துக்கும் மணலுக்கும் உறவு இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் மணலை உருக்கித்தான் கண்ணாடி வார்க்கிறார்கள். தேரி மணல் மட்டும் தெளிந்த கண்ணாடிக்கு ஆகாது; இரும்பு கலந்தால் கண்ணாடி பச்சை காட்டும்.

இனி, வழிகாட்டியைப் பற்றி. ஆள் இல்லாமல் நாமே போனால் என்ன என்று எங்களுள் சிலர் வீரம் பேசினார்கள். மேடுகள் ஒன்றுபோல் இருக்கும். காற்று காலடியை அழித்துவிடும். சுருட்டை விரியன் மணலோடு மணலாகக் கிடக்கும். அந்த ஊரில் பனையேறிப் பிழைக்கும் பெரியவர் ஒருவருக்கு எந்தப் பனைக்கு நேரே எந்த ஊர், எந்த மேட்டுக்கு அப்பால் நிழல் என்பது தெரியும். நம் பணமும் அவர் கைக்குப் போகவேண்டும். ஆஸ்திரேலியாவின் நடுவே உலுரு என்ற செம்பாறை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சுடுநிலத்தில் கூட்டம் கூட்டமாக முகாமிட்டுப் போகிறார்கள். அந்நிலம் 1985-இல் அனங்கு என்ற பூர்வகுடியினருக்குத் திரும்பத் தரப்பட்டது. தங்களுக்குப் புனிதமான பாறையின்மேல் ஏறவேண்டாம் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 அக்டோபரில்தான் ஏறுவது அடியோடு நிறுத்தப்பட்டது. அவ்வளவு காலம் ஏறியவர்களுள் வழிகாட்டி வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு! வழிகாட்டியை முன்னே விட்டால் போதாது, அவர் சொல்லைக் கேட்கவும் வேண்டும்.

ராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேருக்கு மேற்கே சாம் மணற்குன்றுகளில் நடப்பதுபோன்ற முகாமும் எங்களுக்கு வேண்டாம். கட்டில் மெத்தை போட்ட கூடாரம், ஒலிபெருக்கி, மணலைக் கிழித்துக்கொண்டு ஓடும் ஜீப்பு. பக்கத்திலேயே, இருநூறுகூட எஞ்சாத கானமயில் ஒதுங்கி வாழும் தேசியப் பூங்கா. அதற்கு நம் நெடுஞ்சாலை ஓரத்து உணவு விடுதியே போதும்.

இப்போது பெற்றோரிடம் வருகிறோம். "பெண்பிள்ளைகள் வெளியில் இராத் தங்குவதா?" என்பீர்கள். அன்பு காரணமாகவே கேட்கிறீர்கள் என்பதை அறிவோம். ஆனால் 2024 ஆகஸ்டில் நம் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். பெற்றோரை விட்டு எங்கெங்கிருந்தோ வந்த அக்காமார் நம் வட்டாரத்தில் இரவுப் பணிக்குப் போய் விடிந்தபின் பேருந்தில் தூங்கி வழிந்து திரும்புவதைத் தினமும் பார்க்கிறோம். எங்கள் வீடுகளிலேயே அப்படி வேலைக்குப் போகும் அக்காமார் உண்டு. பதினெட்டு வயதில் சம்பளத்துக்காக இரவு முழுவதும் நிற்கலாம், பதினான்கு வயதில் ஆசிரியையின் அருகில் நட்சத்திரம் பார்த்துப் படுக்கக்கூடாது என்றால் அந்த நியாயம் எங்களுக்கு விளங்கவில்லை. அண்ணன் சாரணர் முகாமுக்குப் போனால் பெட்டி கட்டிக் கொடுக்கிறீர்களே! 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது அழையாமலே சிறுமியர் சிலர் வந்து நின்று, எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். மறு ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. நாங்கள் அவ்வளவு துணிச்சல்காரிகள் அல்லர், மலரில் எழுதுகிறோம்.

தாய்மார் மெல்லிய குரலில் கேட்பது வேறு: கழிப்பிடம் எங்கே, மாதாந்திரச் சங்கடம் வந்தால் என்ன செய்வது? இது நியாயமான கேள்வி. ஆகவே காட்டுக்குள் இராத் தங்கவேண்டாம்; வனத்துறை அனுமதியோடு விடியற்காலை நடந்து, ஒன்பது மணிக்குள் நிழலுக்குத் திரும்பி, மாலையில் மறுபடி நடக்கலாம். அடிவாரத்து ஊரில் கோயில் வளாகத்திலோ பள்ளி மைதானத்திலோ கூடாரம் அடித்தால் தண்ணீரும் கதவுள்ள கழிப்பிடமும் உண்டு. மணப்பாடு மிக அருகில். 1542-இல் புனித சவேரியார் தங்கிய குகை அங்கே கடலோரத்தில் இருப்பதை அருட்சகோதரியார் கவனத்துக்குத் தனியாக நினைவூட்டுகிறோம்.

தைமாதக் கடைசி ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிராது. செங்கல்பட்டில் மாலை செந்தூர் விரைவு வண்டியில் ஏறினால் காலையில் திருச்செந்தூர். தலைக்கு ஒரு போர்வை, ஒரு தொப்பி, நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். கொண்டுபோன குப்பையெல்லாம் ஸ்ரீபெரும்புதூருக்கே திரும்பி வரவேண்டும்.

எங்களுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது, நாங்கள் போவதற்கில்லை. ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்காகவே கேட்கிறோம். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் 31 பேர். அவர்களில் 22 பேர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.