அடி வாங்காத வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது நிஜமாவே வெள்ளிதானா?" சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மேஜைமேல் நான் வைப்பது சீடைக்கு உருட்டின மாவு மாதிரி, வெளிறின சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டை. வாசலில் தொங்கும் அட்டையிலோ, 'ஒரே நாளில் வெள்ளி நகை கற்கலாம்' என்று எழுதியிருக்கிறேன்.

வெள்ளிதான். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் மசாகி மோரிகாவா என்பவர் உருவாக்கிய பண்டம் இது. நுண்ணிய வெள்ளித் தூள், அதைப் பிடித்துவைக்க ஒரு பசை, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். நான் வாங்கும் ரகத்தில் எடையில் சுமார் 90 சதவீதம் வெள்ளி. உலையில் வைத்தால் பசை எரிந்து போய்விடும். தூள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வெள்ளி உருக 962 டிகிரி சூடு வேண்டும். இதற்கு 650 டிகிரியில் அரை மணி நேரம் போதும். மழைக்காலத்தில் டப்பாவிலிருக்கிற சர்க்கரை உருகாமலே கட்டிதட்டிப் போகிறதே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

வேலை சமையல்கட்டு வேலை மாதிரியே இருப்பதால் யாருக்கும் பயமில்லை. கையில் ஒரு துளி எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். உருண்டைக்கு இரண்டு பக்கமும் சீட்டுக்கட்டிலிருந்து நான்கு நான்கு சீட்டுகளை அடுக்கி, குழவி மாதிரி ஒரு குழாயை அவற்றின்மேல் உருட்டினால் தகடு ஒரே கனத்தில் வரும். வேப்பிலையை அழுத்தினால் நரம்பு நரம்பாகப் பதியும். அலுமினியத் தட்டு மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. இந்த வெள்ளிக்கு அது ஆகாது.

பொறுமை வேண்டியது காயவைப்பதில். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். அப்படியே உலைக்குள் போனால் ஆவி கிளம்பித் தகட்டை வெடிக்க வைத்துவிடும். லேசாகச் சூடுபடுத்தி எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். தட்டில் பனி பூத்த மாதிரித் தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை.

உலையிலிருந்து நகை வெளியே வரும்போது எல்லோர் முகமும் வாடிவிடும். விபூதி பூசினது போல வெளுத்துக் கிடக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பித்தளை பிரஷால் தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். குங்குமச் சிமிழை விபூதி போட்டுத் தேய்த்து வளர்ந்த நமக்கு, இங்கே விபூதியையே தேய்த்து எடுப்பது வேடிக்கை.

போன மாதம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் மோதிரம் செய்ய வந்தார். உலையில் இந்த வெள்ளி பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அவர் விரலின் சுற்றளவு 54 மில்லிமீட்டர். நான் வாய் திறக்குமுன் "அப்ப 60 வெட்டணும்" என்றார். ஆனால் 60ஐ வளைத்துப் பார்த்தபோது அது தொளதொளவென்று வளையல் மாதிரி நின்றது. மனசு கேட்காமல், நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் 2 மில்லிமீட்டர் நறுக்கிவிட்டார். முடிவில் மோதிரம் விரல் கணுவைத் தாண்டவில்லை.

"எவ்வளவு வெள்ளி போச்சு?" என்றார். ஒரு பொட்டுகூடப் போகவில்லை, பசையும் தண்ணீரும்தான் போயின என்றேன். "சேதாரமே இல்லாம எனக்கு நஷ்டம் வந்திருக்கே!" என்று அவரே சிரித்தார்.

மோதிரத்தை எடுத்துக்கொண்டு ராஜவீதிப் பக்கத்து ஆசாரியிடம் போனோம். வகுப்பு தொடங்கிய புதிதில், இந்த வெள்ளியில் நான் செய்த முதல் பூவை அவரிடம் காட்டியிருந்தேன். உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் ஓர் இதழை மடக்கினார், வளைந்தது. திருப்பி மடக்கினார், விண்டுவிட்டது. "வெள்ளிதான் அம்மிணி. ஆனா அடி வாங்காத வெள்ளி" என்றார்.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னது அத்தனையும் சரி. தட்டத் தட்ட வெள்ளி இறுகும். தூள் சேர்ந்து ஆன வெள்ளிக்குள் கண்ணுக்குத் தெரியாத சந்துகள் இருக்கும். அதிலிருந்து டாலரும் தோடும் மெல்லிசாகச் செய்யலாம், மோதிரம் கனமாகத்தான் செய்ய வேண்டும், அதையும் 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும் என்று சட்டம் வைத்துக்கொண்டேன். டீச்சரின் மோதிரமும் அப்படிச் சுட்டதுதான்.

ஆசாரி அதைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கூம்பாக இருந்த இரும்புக் கம்பியில் சொருகினார். கொட்டாப்புளியால் நாலு தட்டு. கழற்றி, தலைகீழாகத் திருப்பிச் சொருகி மறுபடி நாலு தட்டு. சத்தம் முதலில் மந்தமாக இருந்தது, போகப்போகக் கணீரென்று ஆனது. கால் மணி நேரத்தில் மோதிரம் டீச்சரின் கணுவைத் தாண்டி உட்கார்ந்தது.

"இதைக் கத்துக்க எவ்வளவு நாள் ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"சுத்தியலைக் கையில குடுக்கவே எங்கப்பன் மூணு வருசம் ஆக்கிட்டாரு" என்றார், உமியோட்டைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்ததும் வாசல் அட்டையைக் கழற்றினேன். 'கற்கலாம்' என்பதை அடித்துவிட்டு 'செய்யலாம்' என்று எழுதி மாட்டினேன்.