பேராசை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

"மாதம் 30 சதவீத வட்டி எங்கும் கிடைக்காது. பேராசைப்பட்டார்கள், ஏமாந்தார்கள்." அப்படி வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் சேமிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றிப் பலரும் சொல்வது இது. வட்டிக் கணக்கு சரி. முடிவு தவறு.

1. பணம் போட்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். தொகை 2,400 கோடி ரூபாய்க்கு மேல். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பேராசை பிடித்ததா?

2. இத்தகைய திட்டங்களில் முதல் சில மாதங்கள் பணம் வரும். அது புதிதாகச் சேர்ந்தவர் போட்ட பணம். வங்கிக் கணக்கில் வரவைக் கண்ணால் பார்த்தவர் சந்தேகப்படுவாரா?

3. சேர்த்துவிடுபவர் பெரும்பாலும் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர். அவரை நம்புவது பேராசையா?

4. ஏச்சுக்குப் பயந்து பெரியவர்கள் இழப்பை மறைக்கிறார்கள். மறைப்பதால் புகாரும் தாமதமாகிறது. உதாரணமாக, இணைய மோசடியில் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்தால் பணத்தை முடக்க வாய்ப்புண்டு. தாமதித்தால் அது பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். உங்கள் ஏளனத்தால் லாபம் யாருக்கு? மோசடிக்காரனுக்கு.

5. ஆகவே, பணம் போடும் முன்பே அவர்களோடு உட்காருங்கள். டெபாசிட் வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் சேர்ந்து பாருங்கள். ஏமாந்த பிறகு திட்டுவது பாதுகாப்பு ஆகாது.