தோக்கு விற்கப் போகும் அக்காவுக்கு

"அவரு போயிட்டாரு. ரெண்டு தோக்கும் வீட்டில இருந்தா கேஸாகும்னு சொல்லி ஒருத்தர் அடிமாட்டு விலைக்குக் கேக்காரு தம்பி" என்று பாறசாலையிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். (எங்க பக்கம் துப்பாக்கிக்குத் தோக்குன்னுதான் பேச்சு.) துபாயில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய? தெரிந்ததைச் சொன்னேன்.

லைசென்ஸ்காரர் இறந்தபின் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அது நிஜம். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கணும். ஆனால் ஒப்படைத்தால் போச்சு என்று அர்த்தமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்ததை விற்றுப் பணம் வாங்க அக்காவுக்கு உரிமை உண்டு. கெடு தாண்டினால்தான் அரசுக்குப் போகும். அந்தத் தேதியை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளணும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் வாங்க முடியாது. வாங்க ஆள் குறைவு என்ற தைரியத்தில்தான் இந்த அடிமாட்டு விலை! நகைக் கடனுக்கு வரும் வளையலையே அப்ரைசர் உரசிப் பார்க்காமல் நாங்கள் விலை போடுவதில்லை. இரண்டு மூன்று டீலரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள் அக்கா.

டீலரை விட்டுவிட்டு அந்த ஆளுக்கே விற்பதானால் அவருடைய லைசென்ஸை முதலில் பாருங்கள். கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் பொறுக்கணும் என்பதும் சட்டம்தான். இவ்வளவு அவசரப்படுத்துகிறவர் அதுவரை பொறுப்பாரா, கேட்டுப் பாருங்களேன்...