எந்த ஊரில் படிப்பது?

எம்.பி.ஏ. படிக்கக் கல்லூரி தேர்வது எப்படி என்று வழிகாட்டுகிறவர்கள் தரவரிசை, கட்டணம், வேலை இவற்றோடு ‘இடமும் வாழ்க்கைமுறையும்’ என்று ஒரு தலைப்பு போடுகிறார்கள். குளிரான ஊரா, பக்கத்தில் கடற்கரை உண்டா, சனி ஞாயிறு எங்கே சுற்றலாம். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற வீட்டிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் பி.காம். முடித்த புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். நமக்குத்தான் இது முதல் கேள்வி. கேட்கிற விதம்தான் வேறு.

1913இல் நியூயார்க் போன அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்தார். தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே அந்த வெளிநாட்டு வருடங்களில் அற்றுப்போனதாக அவரே எழுதுகிறார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி சத்திரத்தில் பெயரை மாற்றித் தங்கினார். தடிகளோடு வந்து விரட்டினார்கள். அதே மனிதர், அதே படிப்பு. ஊர்தான் வேறு.

பழைய கதை என்பவர்களுக்கு: 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனி கைகழுவுமிடம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்த பிறகே எடுத்தார்கள். பெங்களூர் ஐ.ஐ.எம்.மில் தலித் பேராசிரியர் ஒருவர் கொடுத்த சாதிப் பாகுபாட்டுப் புகாரில் 2024 டிசம்பரில் போலீஸ் வழக்குப் பதிந்தது. நிர்வாகம் மறுக்கிறது. பாடம் நடத்துகிறவருக்கே இப்படி ஒரு புகார் எழுத வேண்டியிருக்கிறது என்றால், முதல் வருட மாணவி யாரிடம் போவாள்?

இதைக் கேட்டதும் வீட்டில் சொல்வார்கள்: “அம்புட்டுத் தூரம் எதுக்குத்தா, மதுரையிலேயே ஒண்ணு பாரு.” பாசம்தான். ஆனால் வாத்தியாரும் மேனேஜரும் இதையே சொல்லும்போது அதில் பாசம் இல்லை; உனக்கு இது போதும் என்கிற அளவுகோல் இருக்கிறது. மதுரையில் மட்டும் வாடகைக்கு அறை கேட்டால் சாதி கேட்காமலா சாவி தருகிறார்கள்? பக்கம் என்பது பாதுகாப்பு ஆகிவிடாது. நான் தூரத்துக்கே ஓட்டுப் போடுவேன்.

பணம்? பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் அங்கே நமக்கு 15 சதம் இடஒதுக்கீடு உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைக்கு மனுப் போடலாம். கிடைத்தால் அரசு நிறுவனத்தில் முழுக் கட்டணமும் வரும். இடங்கள் கொஞ்சம்தான், முந்திக்கொள்ளணும். கடன் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்: பத்திரம் கொண்டா என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டப்படி, பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு ஈடும் ஜாமீனும் வேண்டாம். கல்லூரிப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேங்க் படி ஏறுங்கள். தன்னாட்சித் தனியார் மேலாண்மை நிறுவனங்கள் பளபளப்பாக விளம்பரம் செய்யும். அங்கே நமக்குச் சட்டப்படி ஒதுக்கீடு கிடையாது.

சேர்வதற்கு முன் அங்கே படிக்கிற நம்ம ஆட்கள் யாரையாவது பிடித்து விசாரியுங்கள். மெஸ்ஸில் கறி உண்டா, ஒரே மேசையா? எஸ்.சி./எஸ்.டி. பிரிவு என்று பலகை மட்டும் தொங்குகிறதா, ஆள் உட்கார்ந்திருக்கிறதா? ராத்திரி வயிற்றுவலி என்றால் கூட வர யார்? நுழைவுத்தேர்வு மார்க்கை எவன் கேட்கிறான், எதற்குக் கேட்கிறான்?

அப்படிப்பட்ட வளாகங்களில் இருக்கிற வாசகர்கள் இதற்குப் பதில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.