யந்திரத்தோடு பிணைந்த தேகம்

சைபோர்க் என்றவுடன், உலோகக் கரமும் சிவந்த கண்ணும் கொண்ட திரைப்பட ராட்சதனே நம் மனத்தில் எழுகிறான். ஆனால் 1960இல் மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்னும் விஞ்ஞானிகள் அமெரிக்காவில் அச்சொல்லைப் பிரயோகித்தபோது அவர்கள் கருதியது விண்வெளி யாத்திரையை. தேகத்தோடு இணைந்த கருவிகளும் மருந்துகளும் மனிதன் நினையாமலே அவன் உயிரைக் காத்து நிற்குமாயின், உயிர் தரித்திருப்பதே ஓயாத வேலையாகி அவன் யந்திரத்துக்கு அடிமைப்படாமல், ஆராயவும் சிந்திக்கவும் விடுதலை பெறுவான் என்பது அவர்கள் வாதம். விடுதலையை விட்டு உலோகத்தை மட்டும் பற்றிக்கொண்டது பிற்காலப் பிரயோகத்தின் பெருங்குறை என்பேன்.

விண்வெளியைப் போன்ற ஓர் அந்நிய லோகத்துக்கு நாள்தோறும் போய்வந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலுக்குக் குடிபெயர்ந்த, பெரும்பாலும் ஆதிதிராவிட வகுப்பினரான தொழிலாளர்கள், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் உஷ்ணம் 60 பாகையைத் தாண்டும் ஆழத்தில், மேலிருந்து செலுத்தப்பட்ட குளிர்காற்றையும், ஏற்றி இறக்கிய கூண்டையும், தலைவிளக்கையும் நம்பியே சுவாசித்தார்கள். சிவசமுத்திரத்துக் காவிரியின் மின்சாரம் 1902இலேயே அங்கு வந்துவிட்டது. மைசூர் நகர வீதிகளுக்கு முன்பே தங்கத்துக்கு அது கிடைத்தது. தேகமும் யந்திரமும் இத்தனை நெருங்கிப் பிணைந்த இடம் இந்தியாவில் வேறு உண்டோ?

ஆயினும் அப்பிணைப்பில் விடுதலை இல்லை. துளைக்கருவி கிளப்பிய சிலிகாத் தூள் நுரையீரலில் குடியேறிற்று. 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனைகள் சிலிக்கோசிஸ் நோயை ஆயிரக்கணக்கானவர்களிடம் கண்டன. காது கேளாத குழந்தைக்குப் பொருத்தும் காக்ளியர் கருவியும், இருதயத்தை இயக்கும் பேஸ்மேக்கரும் மனிதனின் இச்சைக்கு ஊழியம் செய்கின்றன. தங்கவயலிலோ மனிதனின் தேகமே யந்திரத்தின் வேகத்துக்கு இசைக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்போர், பிணைப்பை நிர்வகிப்பவர் யார், அதன் பலன் யாருக்கு என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே குவிந்து கிடக்கும் சயனைடு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்திருக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அம்மண்ணையே சுவாசிக்கும் ராபர்ட்சன்பேட்டை, மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை வாசிகளின் நுரையீரல்களை அரசின் செலவில் பரிசோதித்து, முதிய தொழிலாளர்களுக்கு ஆயுள் முழுதும் சிகிச்சை உறுதியான பிறகே முதல் யந்திரம் அங்கே இறங்கலாம் என்பதை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக எழுத வேண்டும்.