"வண்டி என்னாச்சு சார்?"

விழுப்புரத்திலிருந்து செஞ்சி, அங்கிருந்து திண்டிவனம், பிறகு ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து மறுபடி விழுப்புரம். ஒரு முக்கோணம், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். போன மாசியில் ஒரு சனிக்கிழமை தனியாகச் சைக்கிளில் சுற்றி வந்தேன். தொடை வலி இரண்டே நாளில் போய்விட்டது. வழி நெடுக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விதான் இன்னும் போகவில்லை: "வண்டி என்னாச்சு சார்?"

பதினோரு பேர் கேட்டார்கள். வண்டி என்றால் மோட்டார் வைத்தது என்று முடிவாகிவிட்ட ஊர் இது. ஐம்பத்து நாலு வயதில், கண்ணாடி போட்ட ஒருவன் சைக்கிள் மிதித்து வந்தால் பைக் ரிப்பேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பையன் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். செஞ்சி ரோட்டு டீக்கடையில் ஒருவர், "சுகருங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டரைப் பார்த்து, "சாருக்குச் சக்கரை இல்லாம போடுப்பா" என்றும் சொல்லிவிட்டார். இருபது கிலோமீட்டர் மிதித்தவனுக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேண்டியிருந்ததே சர்க்கரை ஒன்றுதான். அக்கறையாய்ச் சொன்னவரிடம் சண்டை போட முடியுமா? கசப்பாகக் குடித்துவிட்டு எழுந்தேன். "சும்மாதான் போறேன்" என்ற பதிலை மட்டும் நாள் முழுக்க ஒருவரும் நம்பவில்லை.

அமாவாசை வராத நாளாகப் பார்த்துத்தான் குறித்தேன். அமாவாசையன்றைக்கு மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிற வேன்களிடம் இந்த ரோட்டில் சைக்கிள்காரன் சிக்கினால் அங்காளம்மன்தான் காப்பாற்ற வேண்டும். அமாவாசை இல்லாத நாளில் நெல். சம்பா அறுத்த நெல்லை ரோட்டில் பாதி வரை காயப்போட்டு, யாரும் ஏற்றிவிடக் கூடாதென்று ஓரமாகக் கல்லும் சீமைக்கருவேல முள்ளும் வைத்திருக்கிறார்கள். களம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்பது எனக்கும் தெரியும். "ஓரமா போ சாமி" என்று ஓர் ஆயா கெஞ்சலாகத்தான் சொன்னார். அந்த ஓரம் எது என்று எனக்குத்தான் விளங்கவில்லை. ஒரு பக்கம் நெல், மறு பக்கம் ஹாரனை அமுக்கியபடி டிப்பர்.

மண்டகப்பட்டுக்குப் பிரிந்து போய்ப் பார்த்தேன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையில் குடைந்த கோயில். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இவை எதுவும் இல்லாமல் பிரம்மனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தேன் என்று அங்கே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறான். குண்டும் குழியுமாய்க் கிடந்த ஒரு கிராமச் சாலையில் திரும்பி வரும்போது, நம் காலத்தில் யாரோ ஜல்லியும் தாரும் இல்லாமல் ரோடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அவர்கள் கல்வெட்டு எதுவும் வைக்கவில்லை.

செஞ்சிக் கோட்டையைத் தூரத்திலிருந்து கும்பிட்டதோடு சரி. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

தீவனூருக்கு முன்னால் பின் டயரில் முள். இங்கேதான் என் வயிற்றெரிச்சல் முழுதாக ஆரம்பம். முன்பெல்லாம் ஊருக்கு ஊர், ஆலமரத்தடியில் ஒரு வாடகைச் சைக்கிள் கடை இருக்கும். வாசலில் தண்ணீர் நிறைந்த இரும்புச் சட்டி, உப்புத்தாள், சொல்யூஷன், கைப்பம்பு. டியூபை முக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் பிடித்து ஒட்டிக் கொடுத்தால் தீர்ந்தது. அன்று நான் மூன்று பஞ்சர் கடை பார்த்தேன். மூன்றிலும் கம்ப்ரஸர் உறுமியது. "டியூப்லெஸ்தான் சார் போடுவோம். சைக்கிளுக்கு யார் வராங்க?" என்றார்கள்.

யார் வருகிறார்களா? 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றாகி, இன்று வரை வருடா வருடம் பதினோராம் வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறது. சைக்கிள் கொடுத்தாகிவிட்டது. ஒட்டிக் கொடுக்க ஆள் இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்த இரண்டு பெண்பிள்ளைகளிடம் கேட்டேன். "எப்பவும் தள்ளிக்கினுதான் போவோம் சார், நாலு கிலோமீட்டர்தானே" என்று சிரித்தார்கள். அதற்கு மேல் என் பஞ்சரைப் பற்றிப் புலம்ப எனக்கே வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். கடைசியில் வெறும் வண்டியாகப் போன ஒரு குட்டியானையில் ஏறித் திண்டிவனம் சேர்ந்தேன். அங்கே பழைய தெருவொன்றில், முள் போன இடத்தைப் பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கும் ஒரு பெரியவர் இருந்தார். நாளைக்கும் கடை திறந்திருக்குமா என்று கேட்க மனம் வரவில்லை.

திண்டிவனம் என்றால் புளியங்காடு. திந்திரிணி வனம் என்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தப் புளியமர நிழலைத் தேடினால் நடுவில் அரளிச்செடிதான் பூத்திருக்கிறது. நால்வழியாக்கியபோது மரங்கள் போயின. சர்வீஸ் ரோடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பாலம் வரும் வரைக்கும். பாலம் வந்ததும் அது பாதியில் கையை விரித்துவிடும். நூறில் பறக்கும் ஆம்னி பஸ்ஸுக்கு நடுவே நாம் போய் நிற்க வேண்டும். சர்வீஸ் ரோட்டிலேயே நின்றாலும் எதிரே தலைகீழாக வரும் பைக்குகள், என்னவோ நான்தான் ராங் சைடில் வருகிற மாதிரி முறைக்கும். சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் காசு கிடையாது. அதைச் சலுகை என்று நினைத்திருந்தேன். இந்த ரோட்டுக் கணக்கிலேயே சைக்கிள் கிடையாது என்பது கூட்டேரிப்பட்டு தாண்டியதும் புரிந்தது.

விக்கிரவாண்டி தாண்டி இருட்டத் தொடங்கியபோது, பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள் வந்து சேர்ந்தது. கேரியரில் புல்லுக்கட்டு, மிதிப்பவருக்கு எழுபதுக்குக் குறையாது. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. "அதும் பின்னாடியே வா தம்பி, காத்து தெரியாது" என்றார். நாள் முழுக்க ஒரு சைக்கிள்காரனிடம் இன்னொரு சைக்கிள்காரன் பேசிய முதல் பேச்சு. மனசு குளிர்ந்து, இரண்டு பேரும் கொஞ்ச தூரம் ஒன்றாக மிதித்தோம். கரும்புச் சோகை ஒன்று கழன்று என் ஹேண்டில்பாரில் விழுந்தது. தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். அவர் என்னையும் சைக்கிளையும் ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"ஆமா, வண்டி என்னாச்சு?"